விடியற்காலையில் மூன்று மணி நேரம்! 47 நாவல் எழுதிய தபால் அதிகாரி

காலை மணி ஐந்தரை. லண்டனுக்கு அருகே வால்தம் கிராஸ் என்ற ஊரில் ஒரு வீடு. கிழ வேலைக்காரர் ஒருவர் காப்பியுடன் வந்து எஜமானரை எழுப்புகிறார். எழுந்தவர் மேஜை முன் உட்காருகிறார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொள்கிறார். கால் மணிக்கு 250 வார்த்தை எழுத வேண்டும். அதுதான் அவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கணக்கு!

காலை உணவுக்கு முன் எழுத்து வேலை முடிந்துவிடும். பிறகு அவர் தபால் இலாகா அதிகாரி.

அவர் பெயர் ஆண்டனி டிரோலப் (1815–1882). 47 நாவல்கள் எழுதிய ஆங்கில ஆசிரியர். எழுப்பிவிடுவதற்கென்றே அந்தக் கிழவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். தம் வெற்றிக்காக மற்ற எவரையும்விட அவருக்கே அதிகம் கடமைப்பட்டிருக்கலாம் என்று பின்னாளில் எழுதினார்.

தாயார் காட்டிய வழி

இந்த உழைப்பை அவர் தாயாரிடம் கண்டார். தந்தை வக்கீல். தொழில் நடக்கவில்லை. விவசாயம் செய்தார்; அதுவும் கைகொடுக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்கவே, 1834-ல் குடும்பம் பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகருக்கு ஓடியது.

தாயார் பிரான்ஸெஸ் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே முதல் புத்தகம் வெளியிட்டவர். புரூஜில் கணவரும் ஒரு மகனும் நோயில் கிடந்தார்கள். பகலெல்லாம் அவர்களுக்குப் பணிவிடை, இரவில் நாவல். மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்திலேயே மைப் புட்டியும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மகன் இறந்தான். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். குடும்பம் பசியாமல் இருந்தது அந்த அம்மையாரின் பேனாவினால்தான்.

அதே 1834-ல் ஆண்டனி லண்டன் தபால் ஆபீஸில் குமாஸ்தா ஆனார். ஆண்டுக்கு 90 பவுன் சம்பளம். நேரத்துக்கு வராதவர் என்று கெட்ட பெயர். போதாததற்குக் கடன் வேறு. பிற்காலத்தில் கடிகாரத்தை வைத்து எழுதியவர், அப்போது கடிகாரத்துக்குப் பயந்தவர்! 1841-ல் அயர்லாந்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கேதான் மனிதர் மாறினார்.

கல் உடைத்திருக்கலாம்!

முதல் நாவல் 1847-ல் வந்தது. ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது நாவல் 375 பிரதிகள் அச்சாயின; விற்றது 140. பிரசுரகர்த்தருக்கு 63 பவுனுக்குமேல் நஷ்டம். நாலாவது நாவலான ‘தி வார்டன்’ 1855-ல் வெளியாயிற்று. ஆண்டு முடிவில் வந்த பணம் 9 பவுன், 8 ஷில்லிங், 8 பென்ஸ். செலவிட்ட நேரத்துக்குக் கல் உடைத்திருந்தால்கூட அதிகக் கூலி கிடைத்திருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை, உத்தியோகத்தையும் விடவில்லை. தெருவோரத்தில் தபால் பெட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர். 1852-ல் ஜெர்ஸி தீவில் அது நடைமுறைக்கு வந்தது. உத்தியோக நிமித்தம் ஓயாத ரயில் பயணம். சும்மா இருப்பானேன் என்று, மடியில் பலகையை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் பிரதி எடுத்தார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி இப்படி ஓடும் ரயிலில் உருவானதே.

1859-ல் ‘கார்ன்ஹில்’ பத்திரிகை ஒரு தொடர்கதைக்கு 1,000 பவுன் தர முன்வந்தது. முதல் நாவல் வெளிவந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன!

காதுக்கு ஒரு சோதனை

தினமும் மூன்று மணி வேலையில் முதல் அரைமணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கு. வாக்கியங்களின் ஓசை சரியாக விழுகிறதா என்று காதால் நிறுத்துப் பார்ப்பார். பிறகே புதிய பக்கம். எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை நாள்தோறும் ஒரு நோட்டில் குறிப்பார். சோம்பிய நாள் அந்த நோட்டில் பல்லிளிக்கும்!

சுவரை வெறித்துக்கொண்டு பேனாவைக் கடிப்பது அவரிடம் இல்லை. கதாபாத்திரங்களோடு மற்ற நேரத்தில் பழகிவிட்டே மேஜைக்கு வருவார்.

வாசகர் சொல்லுக்கும் காது கொடுத்தார். ஒரு நாள் கிளப்பில் இரண்டு பாதிரிமார், அவர் நாவல்களில் திருமதி பிரௌடி என்ற பாத்திரம் திரும்பத் திரும்ப வருவதாகக் குறைப்பட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து, தாமே ஆசிரியர் என்று சொல்லி, ஒரு வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுவதாக வாக்களித்தார். அப்படியே செய்தார். ஆனால் அவளை இழந்தது தமக்கே வருத்தம் என்றும் பின்னால் ஒப்புக்கொண்டார்.

உண்மைக்குக் கொடுத்த விலை

1867-ல்தான் வேலையை ராஜினாமா செய்தார். முன்னதாக விலகியதால் பென்ஷன் கிடையாது. அதற்கு ஈடான வருமானம் தரக்கூடிய தொகையை எழுத்திலிருந்து சேமித்து வைத்த பிறகே அந்த முடிவு!

தம் சுயசரிதையை எழுதி மகனிடம் கொடுத்து, தாம் இறந்த பிறகு வெளியிடச் சொன்னார். 1883-ல் அது வெளிவந்தது. கால்மணிக் கணக்கு, பவுன் ஷில்லிங் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. புத்தகங்கள் மூலம் வந்த தொகை 68,939 பவுன், 17 ஷில்லிங், 5 பென்ஸ்! பலர் முகம் சுளித்தார்கள். செருப்புத் தைப்பதுபோலக் கதை எழுதியவர் கலைஞரா என்று கேட்டார்கள். அவர் புகழ் மங்கியது.

கடைசியில் வென்றது நாவல்கள்தாம். அடுத்த நூற்றாண்டில் வாசகர்கள் அவரிடம் திரும்பினார்கள். 1993-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கவிஞர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதித்தார்கள்.

எழுத ஆசைப்படும் இளைஞர் பலர் கற்பனை பொங்கும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். டிரோலப் காத்திருந்தது காப்பிக்காக மட்டுமே. மேஜையில் தினமும் உட்காருகிறவரைத் தேடித்தான் கற்பனை வரும். இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?