தங்கத்தை எடுத்தாச்சு, குழியை என்ன பண்றது?

'கேஜிஎஃப்' படம் பார்க்காத ஆள் நம்ம காலேஜ்ல இருக்க மாட்டீங்க. படத்துல வராத ஒரு கேள்வி: தங்கத்தை வெட்டி எடுத்த பிறகு அந்தக் காலி இடம் என்ன ஆகும்?

கிருஷ்ணகிரியிலிருந்து பார்டர் தாண்டினா கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி ஆரம்பிச்சது. 2001 பிப்ரவரி 28-ல் மூடினப்போ ஆழம் மூணு கிலோமீட்டருக்கும் மேல. உள்ளே இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழர்கள்.

அவ்வளவு ஆழத்துல காலி இடம் சும்மா இருக்காது. வெட்டின பாறை சுமந்த பாரம் பக்கத்துப் பாறைக்குப் போகும். அது தாங்காம திடீர்னு வெடிச்சுச் சிதறும். இதுதான் ராக் பர்ஸ்ட். கோலார்ல 'ஏர் பிளாஸ்ட்'னு சொல்வாங்க. முதல்ல மரத்தை முட்டுக் கொடுத்தாங்க, அது நசுங்குச்சு. பிறகு கருங்கல் சுவர், அப்புறம் கான்கிரீட்.

இப்போ ராஜஸ்தானில் ஹிந்துஸ்தான் ஜிங்க் சுரங்கங்கள்ல பேஸ்ட் ஃபில். உலோகம் எடுத்தபின் மிஞ்சுற தூளில் தண்ணியைக் குறைச்சு, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, பைப் வழியா உள்ளே அனுப்புறாங்க. பதம் கிட்டத்தட்ட நம்ம டூத்பேஸ்ட் மாதிரி. கோலார்ல அந்தத் தூள் இன்னும் 'சயனைடு மேடு'ன்னு வெளியே மலையா நிக்குது. காத்தடிச்சா ஊருக்குள்ள பறக்குது.

ஊத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சீங்கன்னா (நானும் அப்படித்தான் நினைச்சேன், சாயில் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சவன்), ஆபத்தே அங்கதான் ஆரம்பம். கலவை வெளியே ஓடாம இருக்க, கீழ் வாசல்ல தடுப்புச் சுவர் கட்டுவாங்க. இறுகாத கலவை திரவம் மாதிரிதான் அழுத்தும். கணக்குப் போடுங்க: அடர்த்தி கன மீட்டருக்கு 1800 கிலோ, உயரம் 10 மீட்டர். சுவரோட அடியில ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 18 டன்! தண்ணி வடிஞ்சு, மண் துகள்கள் ஒண்ணையொண்ணு தாங்க ஆரம்பிச்சாத்தான் அது குறையும்.

2000 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரான்ஸ்விங் தங்கச் சுரங்கத்துல அப்படி ஒரு சுவர் உடைஞ்சது. சேறு பாய்ஞ்சு மூணு தொழிலாளிகள் இறந்துட்டாங்க. அங்க ஊத்தினது பேஸ்ட் இல்ல, தண்ணி அதிகமுள்ள கலவை.

அதனாலதான் முதல்ல சுவர் உயரத்துக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் மட்டும் ஊத்தி, இறுக விடுறாங்க. மீதியை அப்புறம்தான். சுவர்ல பிரஷர் சென்சார் இருக்கும், பக்கத்துல கேமரா கூட இருக்கலாம். ஊத்துற நேரத்துல சுவருக்கு முன்னாடி ஆள் மட்டும் நிக்கக் கூடாது.