192.168.1.1-இல் குடியிருப்பது யார்?

வைஃபை பாஸ்வேர்டை மாற்ற பிரௌசரில் 192.168.1.1 என்று தட்டினால் ஒரு பக்கம் திறக்கிறதே, அது இணையத்திலிருந்து வருவதல்ல. பல ரூட்டர்களில் வெளியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் அது திறக்கும். அலமாரி மேல் மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள்ளேயே ஒரு வெப் சர்வர் ஓடுகிறது. சிசிடிவி ரெக்கார்டர், ஆபீஸ் பிரின்டர் எனத் திரையும் கீபோர்டும் இல்லாத கருவிகளை மேய்க்க இதுதான் மலிவான வழி.

எவ்வளவு மலிவு? லிங்க்சிஸின் புகழ்பெற்ற டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் ஆரம்பகால மாடல்களில் இருந்தது 4 மெகாபைட் ஃப்ளாஷ், 16 மெகாபைட் ரேம். லினக்ஸ் கெர்னல், வைஃபை டிரைவர், ஃபயர்வால், அட்மின் பக்கங்கள் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும். பெரிய சர்வர்களுக்கு அங்கே இடமேது? அதனால்தான் இத்தகைய பெட்டிகளில் போவா, கோஅஹெட் போன்ற குட்டி சர்வர்கள் இடம்பிடித்தன. போவா இணைப்புக்கு ஒரு பிராசஸ் என்று தொடங்காது. ஒரே பிராசஸ் எல்லோரையும் மாற்றி மாற்றிக் கவனித்துக்கொள்ளும். லிங்க்சிஸ் வெளியிட்ட மூலநிரலிலிருந்து 2004இல் கிளம்பிய ஓப்பன்டபிள்யூஆர்டியில் இன்று இருப்பது யூஹெச்டிடிபிடி.

ஃபர்ம்வேர் எனப்படும் இந்த மென்பொருள் தொகுப்பைக் கட்டும் விதம் சுவாரஸ்யமானது. நிரலை எழுதுவது சாதாரணக் கணினியில். கம்பைல் செய்வதோ ரூட்டரின் மிப்ஸ் அல்லது ஆர்ம் சிப்புக்காக. சர்வரும் பக்கங்களும் சுருக்கப்பட்டு, படிக்க மட்டுமே முடிகிற ஒரு பகுதியில் உட்காரும். நாம் மாற்றுகிற அமைப்புகள் தனியே ஒரு சின்னப் பகுதியில் சேரும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தால் அழிவது அந்தச் சின்னப் பகுதி மட்டும்தான்.

வில்லங்கம் பெரும்பாலும் சர்வரில் இல்லை, அதன் பின்னால் இருக்கிறது. ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் 'பிங்' சோதனைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தட்டும் முகவரியை ஒரு ஸ்கிரிப்ட் வாங்கி, அப்படியே ஷெல் கட்டளையோடு ஒட்டி ஓட்டுகிறது என்று வைப்போம். முகவரிக்குப் பின் ஓர் அரைப்புள்ளியும் இன்னொரு கட்டளையும் சேர்த்தால் அதுவும் ஓடும், பெரும்பாலும் ரூட் அதிகாரத்தோடு. ஷெல்லைக் கூப்பிடாமல் பிங் நிரலை நேரடியாக அழைத்து, வந்தது முகவரிதானா என்று பார்த்துவிட்டால் இந்தக் கதை முடிந்தது. ஆனாலும் இந்த ஓட்டை கருவிக்குக் கருவி திரும்பத் திரும்ப அகப்படுகிறது.

சில சமயம் சர்வரே வில்லங்கமாகும். போவாவின் வளர்ச்சி 2005இலேயே நின்றுவிட்டது. ஆனாலும் சிப் நிறுவனங்கள் தரும் மென்பொருள் தொகுப்புகள் வழியே அது புதுக் கருவிகளுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தன் பெட்டியில் போவா இருப்பதே தெரியாத தயாரிப்பாளர்கள் உண்டு. வட இந்திய மின் அனுப்பீட்டு மையங்கள் குறிவைக்கப்பட்டதாக 2022 ஏப்ரலில் ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம் அறிவித்தது. அதில் சொல்லப்பட்ட ஐ.பி. முகவரிகளை மைக்ரோசாஃப்ட் ஆராய்ந்தபோது போவா தென்பட்டது. ஒரே வாரத்தில் உலகெங்கும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட போவா சர்வர்கள் இணையத்துக்குத் திறந்து கிடந்ததாக அந்த ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எழுதியது.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்துவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதே சட்டத்தின் இன்னொரு விதி: பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். நம் வீட்டில் உடனே செய்யக்கூடியது சின்ன வேலைதான். அட்மின் பக்கத்தில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்றிருப்பதை அணையுங்கள். ஃபர்ம்வேர் தேதியையும் பாருங்கள். பல வருடம் பழையது என்றால், புதியது வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேட வேண்டியதுதான்.