பழைய கேள்வித்தாளில் நூற்றுக்கு நூறு

ஒரு கேள்வித்தாளை விடையோடு படிச்சிட்டு, அதே தாளை எழுதினால் நூற்றுக்கு நூறு வாங்கலாம். பாடம் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தமா? வெள்ளத்தைக் கணிக்கும் கணினி மாடல்களுக்கும் இதே சிக்கல்தான்.

மாடலுக்கு மழை அளவு, நிலத்தின் மேடுபள்ளம், ஆற்றின் அகல ஆழம் எல்லாம் கொடுக்கிறோம். ஆனால் ஆற்றுப்படுகையின் கரடுமுரடு (மேனிங் எண்), மண் உறிஞ்சும் அளவு போன்றவை பெரும்பாலும் மதிப்பீடுகளே. ஒரு மழையில் பதிவான நீர்மட்டத்தோடு ஒத்துப்போகும் வரை அவற்றை மாற்றுகிறோம். இது அளவுத்திருத்தம். அந்த எண்களைத் தொடாமல், வேறொரு மழையைக் கொடுத்துப் பார்ப்பதுதான் சரிபார்ப்பு.

இது ஏன் முக்கியம்? சென்னையைப் பாருங்க. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு சுமார் 29,000 கன அடி திறக்கப்பட்டது. ஊர் மூழ்கக் காரணம் ஏரி நீரா, வழியில் ஓடைகளும் மற்ற ஏரிகளும் கொண்டுவந்து சேர்த்த நீரா? மதகைத் தாண்டிய நீருக்குக் கணக்கு உண்டு. மற்றதைப் பெரும்பாலும் மாடல்தான் சொல்லணும். சரிபார்க்காத மாடல் தவறான ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

சரிபார்க்க நாஷ்-சட்கிளிஃப் என்ற மதிப்பெண் உண்டு. 1 வந்தால் அச்சு அசல். 0 வந்தால், சராசரியைச் சொல்லியிருந்தாலே போதும், மாடலே தேவையில்லை! ஆனால் நல்ல மதிப்பெண் வந்தாலும், உச்ச வெள்ளம் எப்போது வந்தது என்பதைத் தனியாகப் பார்க்கணும். இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் எச்சரிக்கையால் என்ன பயன்?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2011 நவம்பரில் திருப்பூரில் திடீர் வெள்ளம் உயிர்களைப் பலி வாங்கியது. நொய்யலுக்கு மாடல் செய்யலாம். ஆனால் அதில் சேரும் சின்ன ஓடைகளில் எல்லாம் அளவுகோல் கிடையாது. அங்கே வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக் கோடுதான் அளவுகோல். கோடு காட்டுவது உச்ச உயரத்தை மட்டும். நேரத்தைச் சொல்ல, மழை நாளில் எடுத்த செல்போன் படம் வேணும்.

அதனால் சாமளாபுரம் பக்கம் இருக்கும் நண்பர்களே, அடுத்த மழையில் தண்ணீர் ஏறினால் பாதுகாப்பான இடத்திலிருந்து படம் எடுங்க, நேரத்தைக் குறிச்சு வையுங்க. வடிந்த பிறகு, வெள்ளையடிக்கும் முன்னே, தரையிலிருந்து கோடு வரை டேப் வைத்து அளந்திடுங்க. நம்ம மாடல் இதுவரை பார்க்காத கேள்வித்தாள் அதுதான்.