பார்த்துப் படியும் உழைப்பு

தந்தையின் உழைப்பு பிள்ளையிடம் படிவதற்கு அறிவுரையைவிடப் பெரிய வழி, பார்த்துக் கற்றல். அப்பா ஒரு வேலையை எப்படித் தொடங்குகிறார், தடங்கல் வந்தால் என்ன செய்கிறார் என்பதைப் பேச்சு வராத வயதிலேயே குழந்தை கவனிக்கிறது. பெரியவர் செய்வதைப் பார்த்த பிள்ளைகள், பரிசு எதுவும் இல்லாமலேயே அதைத் திருப்பிச் செய்வதை ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் வெளியிட்ட பொம்மைச் சோதனை காட்டியது. அங்கே பிள்ளைகள் பார்த்தது முரட்டுத்தனம். விடாமுயற்சியும் அப்படித் தொற்றுமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜூலியா லெனார்ட், லாரா ஷுல்ஸ் குழுவினர் இதைச் சோதித்து, 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். குழந்தைகளுக்குச் சுமார் பதினைந்து மாத வயது. ஒரு பிரிவினர் முன்னால், பெரியவர் ஒருவர் டப்பாவுக்குள் இருக்கும் பொம்மையை எடுக்க அரை நிமிடம் திணறுகிறார். இப்படித் திருப்பி, அப்படி இழுத்து, கடைசியில் எடுத்துவிடுகிறார். இன்னொரு பிரிவினர் முன்னால் அதே அரை நிமிடத்தில் பொம்மையைச் சிரமமே இல்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கிறார். பிறகு குழந்தைகளின் கையில் ஓர் இசைப்பெட்டி தரப்படுகிறது. அதன் பெரிய பொத்தானை அழுத்தினால் எதுவும் ஒலிக்காது. திணறலைப் பார்த்த குழந்தைகளே அதைக் கூடுதல் முறை அழுத்திப் பார்த்தனர். பெரியவர் கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லிப் பேசியபோது முயற்சி இன்னும் கூடியது.

சோதனையில் இருந்தவர் முன்பின் தெரியாதவர். பார்த்தது சிறிது நேரம். தந்தையின் உழைப்போ ஆண்டுக்கணக்கில் கண்ணெதிரே நடப்பது. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச்செல்ல மரப்படகு கட்டினார். கடற்கரையில் நெருப்பின் அனலில் பலகைகள் பதப்பட்டு, படகு உருவாவதைச் சிறுவன் கலாம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் புயல் அந்தப் படகைக் கொண்டுபோனது. அந்த நினைவுகளைப் பெரியவரானபின் தன் வரலாற்றில் அவர் எழுதினார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் லெனார்ட் குழுவினர் செய்த வேறொரு ஆய்வு 2021-இல் வெளியானது. புதிர் ஒன்றோடு பிள்ளை போராடும்போது பெரியவர் கையிலிருந்து வாங்கித் தானே முடித்துவிட்டால், அடுத்த கடினமான வேலையைப் பிள்ளை சீக்கிரம் கைவிட்டது. முயற்சியைக் காட்டுவது ஊக்கம் தருகிறது. முயற்சியைப் பறிப்பது அதைக் குறைக்கிறது.

இன்று பல தந்தையரின் வேலை அலுவலகத்துக்குள்ளோ கணினித் திரைக்குப் பின்னாலோ நடக்கிறது. மாலையில் வீடு திரும்பும் களைப்பு மட்டுமே பிள்ளைக்குத் தெரியும். அதற்குக் காரணமான முயற்சி தெரியாது. கழன்ற சைக்கிள் செயினை மாட்டும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘இப்படி மாட்டினா நிக்கலை, வேற மாதிரி பார்ப்போம்’ என்று வாய்விட்டுச் சொல்வதும் உழைப்பைக் கற்றுத்தருவதுதான். அடுத்த முறை கழலும்போது, கையில் மசி அப்பினாலும் பிள்ளையே மாட்டட்டும் என்று காத்திருப்பது அதன் மறுபாதி.