காய்ச்சலோடு மாநாட்டுக்குப் போகலாமா?

2014 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெப்பமண்டல நோய் நிபுணர்களின் ஆண்டு மாநாடு நடந்தது. எபோலா பற்றி விவரம் தெரிந்தவர்கள் அவசியம் கூட வேண்டிய நேரம் அது. ஆனால், கடந்த 21 நாட்களில் கினி, லைபீரியா, சியரா லியோன் போய்வந்தவர்கள் வர வேண்டாம், வந்தால் ஓட்டல் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டியிருக்கும் என்று லூசியானா மாநில அரசு சொல்லிவிட்டது. களத்தில் வேலை பார்த்தவர்களுக்கே கதவடைப்பு. அறிகுறி இல்லாத ஒருவரிடமிருந்து எபோலா பரவாது என்பது அப்போதே தெரிந்த சங்கதிதான்.

பாஸ்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2020 பிப்ரவரி 26, 27 தேதிகளில் பயோஜென் மருந்து நிறுவனம் அங்கே ஓர் ஓட்டலில் தன் மேலதிகாரிகளைக் கூட்டியது. சுமார் 175 பேர். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. கைகுலுக்கல், பஃபே சாப்பாடு, யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. கோட்டு சூட்டுப் போட்டவரைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? அங்கே பரவிய கொரோனா வைரஸில் தனித்த மரபணு அடையாளம் ஒன்று இருந்ததால், ஆய்வாளர்களால் அதன் வழித்தடத்தைப் பின்தொடர முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்துக்குள் அது ஏறக்குறைய 3 லட்சம் பேரைத் தொற்றியிருக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

ஆகவே பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆபத்தை எடைபோடுவது வீண். ஜன்னல் இல்லாத ஏசி அரங்கில் ஒரே காற்றை நாள் முழுக்க எத்தனை பேர் சுவாசிக்கிறார்கள் என்பதே கேள்வி. கரியமிலவாயு அளக்கும் சிறு கருவி ஒன்று அரங்கில் இருந்தாலே போதும், விஷயம் புரிந்துவிடும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் அளவில் இருப்பது அரங்கில் 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கரண்டியை நூறு கைகள் பிடிக்கின்றன. வாசலில் வைத்திருக்கும் சானிடைசர், வாந்தி பேதி தரும் நோரோவைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான் கதி.

கட்டடமே நோயைத் தருவதும் உண்டு. 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்ட் ஓட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே நிமோனியா பரவி, சுமார் 30 பேர் உயிரிழந்தார்கள். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாதான் காரணம் என்பது மறு ஆண்டு ஜனவரியில் தெரியவந்தது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியதல்ல அது. ஏசி அமைப்பின் தண்ணீரிலிருந்து காற்றில் கலந்தது என்று கருதப்படுகிறது. கூலிங் டவரை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று ஓட்டல்காரரிடம் கேட்பது மாநாடு நடத்துபவரின் கடமை. வாடகை பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

இனி உங்கள் பங்கு. பல மாநாடுகளின் பதிவுப் படிவத்தில், கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். காய்ச்சல்காரரைப் பாராசிட்டமால் போட வைத்து முன்வரிசையில் உட்கார்த்துவது அந்த வரிதான். எந்த வைரஸையும்விட இதன் மேல்தான் எனக்குக் கோபம். மருத்துவர் சான்று தந்தால் பணம் திரும்புமா, இணையம் வழியாகக் கலந்துகொள்ள வழியுண்டா என்று பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நோய்க்கே இழப்பீடு கேட்பதானால், மாநாட்டில்தான் அது தொற்றியது என்று நிரூபிப்பது சுலபமல்ல. பில், பரிசோதனை முடிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லாக் கட்டுப்பாடும் பாகுபாடு ஆகிவிடாது. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து இந்தியா வருபவர் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். அது நியாயமான விதி. எச்ஐவி உள்ளவர்களை அமெரிக்கா 2010 வரை உள்ளே விடாதிருந்தது அப்படிப்பட்டதல்ல. அந்தத் தடையால்தான் பாஸ்டனில் நடக்க வேண்டிய 1992 எய்ட்ஸ் மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. இந்தியாவில் 2017-ம் ஆண்டுச் சட்டம் எச்ஐவி காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது.

மாநாட்டிலிருந்து திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், எந்த ஊர், எந்த ஓட்டல் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். லெஜியோனெல்லாவைச் சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால்தானே அவர் எழுதிக் கொடுப்பார்? மாநாடு நடத்தியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள், மற்றவர்களை எச்சரிக்க முடியும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.