ஆட்டுக்காரர் கை காட்டினால் வண்டி நிற்க வேண்டும்

கிராமத்துச் சாலைகள் தார் போட்டு வழவழப்பாகிவிட்டன. நல்லதுதான். தக்காளி நசுங்காமல் சந்தைக்குப் போகிறது, பால் வண்டி நேரத்துக்கு வருகிறது. ஆனால், மண் சாலையில் குழி பார்த்து உருட்டிக்கொண்டு போன வண்டிகள், இப்போது ஊருக்குள்ளேயே 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. வயலாய்வுக்குப் போனால் பூச்சி மருந்து பற்றிக் கேட்பதற்கு முன்பே, "சார், நேத்து ரோட்டுல ரெண்டு ஆடு போச்சு" என்ற பேச்சுதான் வருகிறது. இது வேளாண் துறைக் கேள்வி இல்லை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு சினை ஆடு போனால், பிள்ளையின் பள்ளிச் செலவோ அடுத்த போகத்து விதைச் செலவோ அதோடு போகிறது.

60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் ஆட்டைக் கண்டு பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடி ஆகிவிடும். அதன் பிறகு வண்டி நிற்க, பிரேக் நன்றாக இருந்தால்கூட இன்னும் 20 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் எல்லாம் சேர்த்தே சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். "திடீர்னு குறுக்க வந்துருச்சு" என்று சொல்லும் ஓட்டுநர், தான் வந்த வேகத்தைச் சொல்வதில்லை.

ஆட்டின் சுபாவம் நமக்குத் தெரியும். முதல் ஆடு சாலையைக் கடந்துவிட்டால் மற்றவை பின்னாலேயே பாயும். தாய் அந்தப் பக்கமும் குட்டி இந்தப் பக்கமும் என்றால் குட்டி நிற்காது. ஹாரன் அடித்தால் ஒதுங்கும் என்று நினைக்கிறார்கள். மிரண்ட ஆடு எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாய் விஷயம் வேறு. பகலெல்லாம் வெயில் வாங்கிய தார், பனிக்காலத்து முன்னிரவில் கதகதப்பாக இருக்கும். காட்டுப்பன்றி வந்தால் குரைத்து எழுப்புகிற தோட்டத்து நாய், அங்கேதான் போய்ப் படுக்கிறது.

இதில் நம் பங்கும் உண்டு. சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. களம் இருந்தும் சாலையில்தான் கொள்ளுச் செடியையும் உளுந்துச் செடியையும் பரப்புகிறோம். வண்டி ஏறினால் மணி உதிரும் என்ற கணக்கு. சிந்திய மணிக்குக் கோழி வருகிறது, எலி வருகிறது. எலியைத் தேடிப் பூனையும் இரவில் கூகை ஆந்தையும் வருகின்றன. வயலில் எலி பிடிக்க ஆந்தைக்குக் குச்சி நடச் சொல்லி ஊர் ஊராகப் பேசிவிட்டு, திரும்பும் வழியில் அது சாலையில் நசுங்கிக் கிடப்பதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. செடி மேல் இரு சக்கர வண்டி சறுக்கி விழுவது தனி. களம் தூரம் என்றால் ஒரு தார்ப்பாய் வாங்கி வயலோரம் விரியுங்கள். விருந்து வீட்டு எச்சில் இலையைச் சாலையோரம் கொட்டுவதும் நாயையும் மாட்டையும் வண்டிக்கு முன்னால் கூப்பிடுகிற வேலைதான்.

இனி, பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-வது பிரிவைப் பாருங்கள். கால்நடையை ஓட்டிச் செல்பவர், 'வண்டியைக் கண்டு இது மிரண்டுவிடும்' என்று அஞ்சி நிறுத்தச் சொன்னால், ஓட்டுநர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். கை காட்டுவது கெஞ்சல் இல்லை, உரிமை. அடிபட்டுவிட்டால், உடையவர் தன் பெயர், முகவரியைச் சொல்லிக் கேட்கும்போது ஓட்டுநரும் தன்னுடையதையும் வண்டி உரிமையாளருடையதையும் கொடுக்க வேண்டும். அந்தப் பிரிவில் குதிரை, மாடு, ஆடு, கழுதை மட்டுமல்ல, யானையும் ஒட்டகமும்கூட இருக்கின்றன. நாய் இல்லை, கோழியும் இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆடு, மாடு அடிபட்டால் ஒருவர் அதைக் கவனிக்கட்டும், இன்னொருவர் வண்டி எண்ணைப் படம் எடுக்கட்டும். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழையுங்கள். கால் முறிந்திருந்தால் இழுக்காமல், சாக்கில் கிடத்தித் தூக்குங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். மயங்கிய பிராணிக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள். வலியில் வளர்த்த நாயும் கடிக்கும். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடுவதுதான் பலர் செய்வது. அதோடு இழப்பீடும் புதைந்துவிடுகிறது. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்றும் மதிப்புச் சான்றும் பெறுங்கள். காப்பீடு செய்த மாடு என்றால் காது வில்லையைக் கழற்றாதீர்கள். சட்டப்படி ஆடு, மாடு உங்கள் உடைமை. அதற்கான சேதத்தை வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாகக் கேட்கலாம். 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஒற்றை ஆட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். சாலையிலேயே பேசி முடிப்பதென்றாலும் சினை ஆட்டுக்குச் சினை ஆட்டின் விலையைக் கேளுங்கள், கிடாய்க்குட்டி விலைக்கு இறங்காதீர்கள்.

வேகத்தடை கேட்கும்போது சாலை யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். ஊராட்சிச் சாலைக்கு ஊராட்சி, ஒன்றியச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட, மாநிலச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை. இடம் மாறிப் போன மனு ஆண்டுக்கணக்கில் சுற்றும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 அன்றும் சபை கூடுகிறது. ஆடு கடக்கும் இடம், பள்ளி வளைவு என்று இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கோபத்தில் இரவோடிரவாகக் கல்லும் மண்ணும் கொட்டி மேடு போடாதீர்கள். முறையான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்தில், வண்டி ஏறி இறங்க 3.7 மீட்டர் நீளத்துக்குச் சரிவாக இருக்கும். நாம் போடும் மேட்டில் பின்னால் உட்கார்ந்து வரும் கர்ப்பிணிதான் தூக்கி எறியப்படுவார். வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை இருட்டில் தெரியாது. அதனால் முன்னறிவிப்புப் பலகை வைக்கவும், ஆண்டுக்கு ஒரு முறை வண்ணம் பூசவும் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.