நகைப்பூட்டும் ஒற்றர்

ஆங்கிலேயரின் ஒற்றர் படங்களிலே வீரதீரத்தைவிடக் கேலியே எனக்கு உவப்பானது. 1959-இல் காரல் ரீட் இயக்கிய ‘அவர் மேன் இன் ஹவானா’ அத்தகையது. கியூபாவில் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்கும் வோர்மோல்டு, மகளின் செலவுக்கு ஈடுகொடுக்க ஒற்றராகிறார். இல்லாத ஆட்களுக்குச் சம்பளம் பெறுகிறார். தம் கடை இயந்திரத்தின் உறுப்புகளையே பெரிதாக வரைந்து, பயங்கர ஆயுதமென்று லண்டனுக்கு அனுப்புகிறார். மேலதிகாரிகள் திகைப்புறுகின்றனர்! கோப்புகளோடு காலங்கழிக்கும் என் போன்றோருக்கு இக்காட்சி தனிச் சுவை.

கதாசிரியர் கிரஹாம் கிரீன் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உளவுத் துறையில் பணியாற்றியவர். ஆகவே இக்கேலி வெறுங்கற்பனையன்று. பொய்யறிக்கையை எதிரிகளும் நம்பிவிட, மெய்யாகவே உயிர்கள் போகின்றன. அவ்விடத்தில் நம் சிரிப்பு அடங்கிவிடுகிறது. உண்மை வெளிப்பட்டபின் லண்டன் என்ன செய்கிறது? தன் மானத்தைக் காத்துக்கொள்ள, அவருக்கு விருதளித்து, ஒற்றர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியராகவும் அமர்த்துகிறது.